மேசையை விட்டுவிட்டு மலையை மாற்றுவதா?

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

கோயம்புத்தூரிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக மருத்துவமனைக் கட்டணப் பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலையை மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தே செய்கிறார். நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். முதலில் மடிக்கணினி மட்டும் இருந்தது. சென்ற ஆண்டு நிறுவனம் 24 அங்குலத் திரை ஒன்றையும் தனி விசைப்பலகையையும் அனுப்பியது. எட்டு மாதங்களாகப் பின்கழுத்திலும் வலது தோளிலும் வலி இருக்கிறது. மாலையானால் தலைவலியும் சேர்ந்துகொள்கிறது. எக்ஸ்ரேயில் ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கிடையே தேய்மானம் என்று வந்திருக்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, பழைய புத்தகங்களை அடுக்கி அதன்மேல் திரையை ஏற்றி வைத்தார். வலி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்கிறார் மாமியார். மேட்டுப்பாளையத்துக்குக் குடிபெயரலாமா என்று கணவர் வீடு விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து கழுத்துப்பட்டை ஒன்று வந்திருக்கிறது. தேய்மானம் குணமாகுமா, மலையை விட்டு இறங்க வேண்டுமா, வேலையை விட்டுவிடுவதா, நல்ல மேசை நாற்காலி கேட்க நிறுவனத்திடம் உரிமை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட, அதனுடன் உங்கள் மகள் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பிய புகைப்படம்தான் எனக்கு அதிகம் சொன்னது. நீங்கள் சால்வை போர்த்தி, ஒரு காலை மடக்கி நாற்காலியின் மேலேயே வைத்துக்கொண்டு, மற்றொரு காலின் நுனிவிரல் மட்டும் தரையில் பட அமர்ந்திருக்கிறீர்கள். இரண்டு தோள்களும் காதை நோக்கி ஏறியிருக்கின்றன. முகவாய் மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் நடுவே ஒரு தேநீர் டம்ளரும் காகிதக் கட்டும் இருக்கின்றன. உங்கள் உயரம் 153 செ.மீ., மேசை 76 செ.மீ., நாற்காலி இருக்கை 46 செ.மீ. என்று அளந்தும் எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளாகக் குன்னூரில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு இவ்வளவு தெளிவான கடிதம் அடிக்கடி வருவதில்லை.

முதலில் எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களின் கழுத்தைப் படம் எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் இதே தேய்மானம் தெரியும். தலையில் நரை விழுவதைப் போல அது வயதின் அடையாளம். நரை 'குணமாகுமா' என்று நாம் கேட்பதில்லை. உங்களுக்குக் காலையில் எழும்போது வலி இல்லை, பதினொரு மணிக்கு மேல் தொடங்கி மாலையில் உச்சத்துக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமையில் பாதியாகக் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுப்பதில்லை. வாரநாட்களில் கூடி விடுமுறையில் குறையும் வலி பெரும்பாலும் தசையின் வலியே. அந்தத் தசையை எது வேலை வாங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் முன்னால் இருக்கும் காரியம்.

திரையை உயர்த்தியது ஏன் வலியைக் கூட்டியது

காணொளியில் சொன்னது தவறில்லை. ஆனால் அது உங்களுக்குச் சொன்னது அல்ல. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும் என்பது, கண்ணாடி அணியாதவர்களுக்கும் ஒரே பார்வைத்திறன் கொண்ட கண்ணாடி அணிபவர்களுக்கும் பொருந்தும் பொது விதி. நீங்கள் அணிவது புரோகிரஸிவ் கண்ணாடி என்பதைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறொன்றைச் சொல்லும்போது, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழு வழக்கும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இவ்வகைக் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்தைப் பார்க்கவும், கீழ்ப்பகுதி கையில் பிடித்த புத்தகத்தைப் படிக்கவும் அமைந்திருக்கும். ஒரு கை தூரத்திலுள்ள திரையைத் தெளிவாகக் காட்டுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான பகுதி மட்டுமே. திரையை நீங்கள் உயர்த்த உயர்த்த, அந்த நடுப்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் திரைக்கு நேராகக் கொண்டுவர உங்களை அறியாமலேயே முகவாயைத் தூக்குகிறீர்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பின்கழுத்தின் சிறிய தசைகளைச் சுருக்கியபடி எட்டு மணி நேரம் பிடித்திருந்தால், அவை மாலையில் தலைவலியாக முறையிடாமல் என்ன செய்யும்?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். திரைக்கு முன் அமர்ந்து கண்களை மூடி, தலையை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, எந்த நிலையில் கழுத்துக்குச் சுமையே தெரியவில்லையோ அங்கே நிறுத்துங்கள். இப்போது தலையை அசைக்காமல் கண்களைத் திறந்து, திரையின் நடுவிலுள்ள ஒரு வரியைப் படியுங்கள். மங்கலாகத் தெரிந்தால் திரை உங்கள் கண்ணாடிக்கு உயரம் என்று பொருள். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள்; எழுத்து தெளியும் இடம்தான் உங்கள் உயரம். மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நான்கு விரற்கடையோ அதற்கும் கீழேயோ போய்விட்டாலும் கவலை வேண்டாம். திரையின் மேற்புறம் உங்களை விட்டுச் சற்றே பின்னால் சாய்ந்திருக்கட்டும். தூரம், கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் அளவு. எழுத்து சிறிதாகத் தோன்றினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

திரை கிட்டத்தட்ட மேசையிலேயே உட்கார்ந்த பிறகும் தெளியவில்லையென்றால், கணினிக்கென்றே தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. கண் பரிசோதனைக்குப் போகும்போது கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தைச் செ.மீ. கணக்கில் அளந்து எழுதி எடுத்துச் செல்லுங்கள். 'கம்ப்யூட்டர் பார்க்க' என்று மட்டும் சொன்னால் மறுபடியும் ஒரு புரோகிரஸிவ் கண்ணாடியோடு திரும்பி வருவீர்கள். கணினிக்கான அந்தத் தனிக் கண்ணாடியோடு படி இறங்கவோ வண்டி ஓட்டவோ கூடாது. கூடுதல் பணம் கொடுத்து நீலஒளி வடிகட்டி வாங்கியதாக எழுதியிருந்தீர்கள்; அது கண்சோர்வைக் குறைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட திறனாய்வு கூறுகிறது. அடுத்த முறை அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மேசையின் உயரமும் மவுஸின் தூரமும்

நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை உங்கள் மகளை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரமுள்ளவருக்கு, 46 செ.மீ. நாற்காலியில், அது 64 முதல் 68 செ.மீ. வரை இருக்கும். மேசையோ 76 செ.மீ.; அதன்மேல் விசைப்பலகை வேறு. அந்தப் பத்து செ.மீ. வித்தியாசத்தை உங்கள் தோள்கள்தாம் நாள் முழுவதும் ஏறி நின்று ஈடுகட்டுகின்றன.

நீங்கள் இருப்பது தேயிலை ஊர். பறிக்கிறவரின் இடுப்பளவுக்குமேல் செடி வளர்ந்துவிடாதபடி, சில ஆண்டுகளுக்கொருமுறை கவாத்து செய்து, கொழுந்து எப்போதும் கைக்கு எட்டும் மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். செடிக்குக் காட்டும் அந்த அக்கறையை மேசைக்கு யாரும் காட்டுவதில்லை. கல்யாணத்துக்கு வந்த சாப்பாட்டு மேசையின் காலை அறுக்கச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை என்பதால், மற்ற வழிகளைப் பார்ப்போம்.

இருக்கையை உயர்த்துவது உடனடி வழி. இதற்கு மெத்தென்ற தலையணை உதவாது. உட்கார்ந்ததும் அமுங்கி, ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஜமக்காளத்தை இறுக்கமாக மடித்துப் போடுங்கள். ஆனால் பெரும்பாலான சாப்பாட்டு மேசைகளில் பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் ஓடும், பத்து செ.மீ. உயர்ந்தால் தொடை அதில் இடிக்கும். இடிக்காத அளவுக்கு, ஐந்தோ ஆறோ செ.மீ., உயர்த்தினாலே தோளுக்கு வித்தியாசம் தெரியும். இருக்கை உயர்ந்த அளவுக்குப் பாதமும் உயர வேண்டும். இப்போதே உங்கள் குதிகால் தரையைத் தொடவில்லை. தரையின் சில்லிப்பும் சேர்ந்துதான் நீங்கள் காலை மடக்கி மேலே வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் மலையில் பாதிப்பேர் அப்படித்தான் உட்காருகிறோம். காலை மடக்கியதும் இடுப்பு ஒருபக்கம் கோணி, கழுத்து மறுபக்கம் சாய்ந்து அதைச் சமன் செய்கிறது. அகலமான மரப்பலகையோ செங்கற்களோ போட்டு, மேலே சாக்கை மடித்து விரித்துவிட்டால், உயரமும் கிடைக்கும், குளிரும் ஏறாது.

நிலையான வழி, உயரம் குறைந்த மேசை. புகைப்படத்தின் ஓரத்தில், தைக்க வேண்டிய துணிகள் குவிந்த சிறு மேசை ஒன்று தெரிகிறதே, அது உங்கள் மகள் பள்ளியில் படித்தபோது வாங்கியதா? அதை அளந்து பாருங்கள். 63 முதல் 66 செ.மீ. உயரமும், திரையை ஒரு கை தூரத்தில் வைக்கப் போதுமான ஆழமும் இருந்தால், நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால், அதே உயரத்தில் குறுக்குச் சட்டம் இல்லாத சாதாரண மேசை ஒன்றை உள்ளூர்த் தச்சரிடமே செய்யச் சொல்லலாம். கடையில் விற்கும் விலையுயர்ந்த சுழல் நாற்காலிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நல்ல நாற்காலியும் உயரமான மேசையும் சேர்ந்தால் தோள் ஏறத்தான் செய்யும்.

வலது தோளுக்கு வருகிறேன். இடதுதோளில் இல்லாத வலி வலதுதோளில் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விசைப்பலகையின் வலது ஓரத்தில் எண்களுக்கான தனிக் கட்டம் இருக்கிறது. அதைத் தாண்டி டம்ளர், காகிதக் கட்டு, அப்புறம்தான் மவுஸ். ஒவ்வொரு முறையும் முழங்கை உடம்பை விட்டு விலகி, கை நீண்டு, தோளின் தசை அந்தக் கையைத் தூக்கிப் பிடிக்கிறது. கட்டணம் சரிபார்க்கிறவருக்கு எண்கட்டம் இல்லாமல் முடியாது என்பது தெரியும். எனவே விசைப்பலகையை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்துங்கள். மவுஸ் எண்கட்டத்தை ஒட்டி, முழங்கைக்கு நேர் முன்னால் வரட்டும். டம்ளர் இடக்கைப் பக்கம் போகட்டும். நாளில் ஒரு மணி நேரம் மவுஸை இடக்கையால் பிடித்துப் பழகுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

இரண்டு திரைகளில் எதை அதிகம் பார்க்கிறீர்களோ அது நேர் எதிரே இருக்க வேண்டும். மடிக்கணினி அதை ஒட்டிச் சற்றே கோணலாக இருக்கலாம். ஜன்னல் உங்களுக்கு எதிரேயும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மூடுபனி நாளில் வெளிச்சம் குறைவு என்று நாம் எண்ணுகிறோம். வெயில் பட்ட பனி ஜன்னலை ஒரு வெள்ளைத் திரையாக்கிக் கண்ணைக் கூச வைப்பதை, பள்ளத்தாக்கைப் பார்த்த வீட்டில் இருக்கும் நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

குளிரும் குடிபெயர்வும்

மாமியார் சொல்வதை முழுவதும் தள்ளிவிடாதீர்கள்; பாதி சரி. குளிர் எலும்பைத் தேய்ப்பதில்லை. ஆனால் குளிரில் நாம் தோளைக் குறுக்கிக்கொள்கிறோம், விரல்கள் விறைத்து விசையை அழுத்தமாகத் தட்டுகிறோம், இடத்தை விட்டு எழுவதற்கே சோம்பல்படுகிறோம். இவை எல்லாம் கழுத்தில்தான் வந்து விடிகின்றன. தோளை இழுக்கும் கனத்த சால்வைக்குப் பதிலாகக் கையோடு கூடிய ஸ்வெட்டரும், விரல் நுனி வெளியே தெரியும் கையுறையும், காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டரின் காற்று முகத்தில் அடித்தால் கண் உலரும்; திரையைப் பார்க்கும்போது இமைப்பது ஏற்கெனவே குறைந்துவிடுவதால், அதைக் கால்பக்கம் திருப்பி வையுங்கள்.

மின்சாரம் இல்லாத நாட்களில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை மேசைக்கடியில் வைப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கழுத்து வலியைவிட இது எனக்குக் கவலை தருகிறது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அப்படி உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் புதியவையல்ல. அந்த நாட்களில் உங்களுக்கு வந்த தலைவலிகூட அதனால் இருக்கலாம். இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்துக்குப் போவதென்றால், பிள்ளையின் கல்லூரிக்காகவோ கணவரின் தொழிலுக்காகவோ போங்கள். கழுத்துக்காகப் போக வேண்டாம். அதே மேசையும் அதே நாற்காலியும் அதே லாரியில் உங்களோடு மலையிறங்கி வரும்.

உரிமையும் வேண்டுகோளும்

நான் வழக்கறிஞர் அல்ல. ஆயினும் கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், ஊழியர்களுக்கு உரிய இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்கிறது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மேசை எத்தனை செ.மீ. இருக்க வேண்டும் என்பதை அதில் தேடிப் பயனில்லை. உரிமைக் குரலில் தொடங்குவதைவிட, திரையும் விசைப்பலகையும் அனுப்பிய அதே நிறுவனத்திடம், அளவுகளோடும் மருத்துவரின் கடிதத்தோடும், தாழ்ந்த மேசைக்கும் கணினிக் கண்ணாடிக்கும் உதவி கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள், எழுத்தில் இருந்தால் பின்னால் பேச்சு மாறாது. மறுத்தால், அரைமணிக்கொருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நடக்க அனுமதியையாவது கேட்டுப் பெறுங்கள். எவ்வளவு சரியான இருப்பும் அசையாமல் இருந்தால் வலிக்கும் என்பதால், அந்த இரண்டு நிமிடம் புது நாற்காலியைவிட மதிப்புள்ளது.

எழுந்து நிற்கும் நேரத்தில், முகவாயைத் தூக்காமல் நேர்பின்னே இழுத்து ஐந்து விநாடி நிறுத்துவதைப் பத்து முறையும், தோள்பட்டை எலும்புகளை முதுகுக்குப் பின்னால் நெருக்கித் தளர்த்துவதைப் பத்து முறையும் செய்யுங்கள். கழுத்துப்பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் வேலை செய்ய வேண்டிய தசைகள் வலுவிழக்கும். சுளுக்கு எடுப்பவரிடமோ முடிதிருத்தும் கடையிலோ கழுத்தைச் சொடக்கு எடுக்க அனுமதிக்காதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த எலும்புகளுக்குள்ளேதான் ஓடுகிறது. எட்டு மாதமாக அவ்வப்போது போடும் வலி மாத்திரையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பதம்பார்க்கும்.

கையில் மரமரப்பு தொடர்ந்தால், பிடித்த பொருள் நழுவினால், நடை தள்ளாடினால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ உடன் வந்தால், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால், இந்த மேசைக் கணக்கையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மேடு ஏறும்போது மட்டும் தோளிலும் தாடையிலும் வலி வந்து, நின்றால் அடங்குமானால், அது கழுத்தல்ல, இதயமாக இருக்கலாம்; ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். மாற்றங்களைச் செய்து ஆறு வாரம் பாருங்கள்; வலி ஒரேயடியாக மறையாது, தொடங்கும் நேரம் பதினொன்றிலிருந்து இரண்டு, மூன்று மணிக்குத் தள்ளிப்போவதுதான் முதல் நல்ல அறிகுறி. அந்த அளவுகூட மாறவில்லையென்றால் நேரில் வாருங்கள், கழுத்தைத் தொட்டுப் பார்த்துப் பேசுவோம். எப்படியிருந்தாலும் அதே பக்கத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் மகளிடம். டம்ளர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.